ஜெயிலில் அட்லஸ் கேட்டவர்: அமெரிக்கக் கார் பாட்டுகள் பற்றி ஒரு குறிப்பு

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரிலிருந்த மத்திய அரசுச் சிறையில் ஒரு கைதி அதிகாரிகளிடம் அட்லஸ் வேண்டும் என்று கேட்டார். அவர்கள் தயங்கினார்கள். நியாயம்தானே? ஜெயிலில் இருப்பவன் எதற்கு ரோடு மேப் கேட்கிறான்? ஆனால் அவர் தப்பித்துப் போவதற்காகக் கேட்கவில்லை. ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஒருவன் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகிறான். எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர் வரும் என்று சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கைதி சக் பெர்ரி. 1987-ல் வெளியான சுயசரிதையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு குடைச்சல். ராக் அண்ட் ரோல் இசையின் ஆரம்பத்தைத் தேடிப் போனால் எல்லாப் பக்கமும் காராகவே இருக்கிறது. முதல் ராக் அண்ட் ரோல் ரெக்கார்டு எது என்ற சண்டையில் அதிகமாக அடிபடும் பெயர் 1951-ல் வந்த 'ராக்கெட் 88'. அது ஒரு காரின் பெயர். சக் பெர்ரிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 1955-ன் 'மேபலின்' ஒரு கார் துரத்தல். அப்புறம் பீச் பாய்ஸ், ஜான் அண்ட் டீன், ஸ்ப்ரிங்ஸ்டீன் என்று வரிசை நீள்கிறது. ஏன் இத்தனை கார்?

வழக்கமான பதில் நமக்குத் தெரியும். போருக்குப் பின் கையில் பணம், மலிவான பெட்ரோல், புதுச் சாலைகள், அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு சுற்றும் பதின்வயதுப் பசங்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பில்லை, ஆனால் அது பாதிப் பதில்தான். மேலே சொன்ன முதல் இரண்டு பாட்டையும் பாடியவர்கள் கறுப்பர்கள். அவர்களுக்குக் கார் என்றால் என்ன என்று கேட்டால்தான் மீதிப் பாதி கிடைக்கும்.

காரில் காதல்

ஆரம்பத்திலிருந்து வருவோம். அமெரிக்கக் கார் பாட்டுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று 1905-ல் வந்த 'இன் மை மெர்ரி ஓல்ட்ஸ்மொபைல்'. இசை கஸ் எட்வர்ட்ஸ், வரிகள் வின்சென்ட் பிரையன். ஒரு பையன் தன் காதலியை ஓல்ட்ஸ்மொபைல் காரில் சுற்றிவர அழைக்கிறான். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதுவரை பெண் வீட்டுக் கூடத்தில் அம்மா அப்பா பார்க்க உட்கார்ந்து பேசியவர்கள், கார் வந்ததும் யார் கண்ணிலும் படாமல் பேச முடிந்தது. பாட்டு விற்றதன் காரணம் அதுதான். இந்தத் தனிமைதான் பின்னால் வந்த எல்லாக் காதல் கார் பாட்டுக்கும் முதலீடு.

அப்போது கார் பணக்காரர் பொம்மை. 1908-ல் ஃபோர்டு தன் மாடல் டி காரை 850 டாலருக்கு இறக்கியது. 1920-களின் நடுவில் அதே கார் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. 1927-ல் உற்பத்தியை நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளியே வந்திருந்தன. தொழிலாளியும் விவசாயியும் கார் வாங்கும் காலம் தொடங்கியது, கறுப்பர்களில் முடிந்தவர்களும் வாங்கினார்கள்.

1936 நவம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஒரு ஓட்டல் அறையில் ராபர்ட் ஜான்சன் என்ற மிசிசிப்பிப் பாடகர் 'டெர்ராப்ளேன் ப்ளூஸ்' பாட்டைப் பதிவு செய்தார். டெர்ராப்ளேன் என்பது ஹட்சன் கம்பெனி தயாரித்த கார். விலை குறைவு, வேகம் ஜாஸ்தி. பாட்டில் வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது, அவர் பானெட்டைத் திறந்து ஒவ்வொரு பாகமாகச் சோதிக்கிறார். தான் இல்லாத நேரத்தில் வேறு யாரோ இதை ஓட்டியிருக்கிறான் என்று சந்தேகப்படுகிறார். அவர் பேசுவது காரைப் பற்றி இல்லை என்பது கேட்கிற யாருக்கும் புரியும். கதை ஊருக்கே தெரிந்த கதை, உவமை மட்டும் மெக்கானிக் ஷெட்டிலிருந்து வந்தது. ஜான்சன் உயிரோடிருந்தபோது ஓரளவு விற்ற ரெக்கார்டு இதுதான். 1938-ல், 27 வயதில், அவர் இறந்துவிட்டார்.

தன் சீட்டைத் தானே தேர்வது

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸி எதிர் ஃபெர்குசன் வழக்கில், ரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கே ஒரு பயணியின் இருக்கையைப் பற்றியதுதான். அதற்குப் பிறகு தென் மாநிலங்களில் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் எங்கே உட்காரணும், எப்போது எழுந்து நிற்கணும் என்பதை வேறொருவர் முடிவு செய்தார். காசு மட்டும் ஒரே காசு.

கார் அப்படியில்லை. கறுப்பர் ஒருவர் முன் சீட்டில் உட்கார்ந்து பிரயாணம் செய்ய, அதுவும் ஸ்டியரிங்கைத் தானே பிடித்துக்கொண்டு போக, இருந்த ஒரே வண்டி சொந்தக் கார். கறுப்பர்கள் சாப்பாட்டுக்கு வழியில்லாவிட்டாலும் பெரிய கார் வாங்குகிறார்கள் என்று அந்தக் காலத்து வெள்ளையர்கள் கிண்டல் அடிப்பதுண்டு. அந்தக் கிண்டலில் இந்த ஒரு கணக்கு விட்டுப்போகிறது. நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் ட்ரக்கர் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். 1930-களின் மந்தத்தில் கேடிலாக் மூடப்படும் நிலையில் இருந்தபோது, நிக்கோலஸ் ட்ரைஸ்டாட் என்ற அதிகாரி, கறுப்பர்களுக்கு விற்பதில்லை என்ற கம்பெனிக் கொள்கையை மாற்றச் சொன்னாராம். அதுவரை வசதியான கறுப்பர்கள் ஒரு வெள்ளையருக்குக் காசு கொடுத்து, அவர் பெயரில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டலும் வீடும் கிடைக்காத மனிதருக்குக் கௌரவமாகக் கையில் கிடைத்த ஒன்று கார்.

ஆனால் கார் வாங்கிவிட்டால் மட்டும் ரோடு உங்களுடையதாகிவிடாது. எந்த பங்க்கில் கழிப்பறைக்கு விடுவார்கள்? எந்த ஊரில் ராத்திரி தங்க இடம் கிடைக்கும்? இருட்டினால் கறுப்பர் இருக்கக்கூடாது என்று விரட்டும் ஊர்கள் வடக்கு, மேற்கு மாநிலங்களிலும் இருந்தன. 1936-ல், அதாவது டெர்ராப்ளேன் பாட்டு பதிவான அதே வருடம், நியூயார்க் ஹார்லமைச் சேர்ந்த விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற தபால்காரர் ஒரு கையேடு வெளியிட்டார். கறுப்பர்களை ஏற்கும் ஓட்டல்கள், வீடுகள், கடைகள், முடிதிருத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல். 'கிரீன் புக்' என்று பெயர். முதலில் நியூயார்க் பக்கம் மட்டும், பிறகு நாடு முழுக்க. எஸ்ஸோ பெட்ரோல் பங்க்குகளில் கிடைத்தது. இந்தக் கையேடு தேவைப்படாத நாள் வரும் என்ற நம்பிக்கையை கிரீன் அதிலேயே அச்சிட்டிருந்தார். 1960-ல் அவர் காலமானார். 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1966-67 பதிப்போடு புத்தகம் நின்றது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1946-ன் 'ரூட் 66' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். எழுதியவர் பாபி ட்ரூப். மனைவியோடு பென்சில்வேனியாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் காரில் போனபோது பிறந்த பாட்டு. வழியில் வரும் ஊர்ப் பெயர்கள்தான் வரிகள். ட்ரூப் வெள்ளையர். முதலில் ஹிட் ஆக்கியவர் நாட் கிங் கோல், கறுப்பர். 'இந்த வழியாகப் போங்க, ஜாலியா இருக்கும்' என்று அந்த வெல்லக் குரலில் நம்மை அழைக்கிறார். அந்த வழியிலேயே இருட்டிய பின் அவருக்கு இடம் தராத ஊர்கள் இருந்தன. 1948-ல் அவர் லாஸ் ஏஞ்சலஸின் ஹான்காக் பார்க்கில் வீடு வாங்கியபோது அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1956 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையேறி அடித்தார்கள். இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டை என்னால் பழைய மாதிரி தலையாட்டிக் கேட்க முடியவில்லை. ஆனால் முன்னைவிடப் பிடித்துப்போனது என்பதும் உண்மை.

அடிபட்ட ஆம்ப்ளிஃபையர்

இப்போது 'ராக்கெட் 88'. 1949-ல் ஓல்ட்ஸ்மொபைல், ராக்கெட் என்ற புது வி-8 எஞ்சினை வைத்து 88 என்ற காரை இறக்கியது. 1905-ல் பாட்டில் வந்த அதே கம்பெனிதான். அந்த மெல்ல உருளும் வண்டியிலிருந்து இந்த வேக வண்டிக்கு வர 44 வருடம் ஆனது. 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் இசைக்குழு மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலிலிருந்து நெடுஞ்சாலை 61 வழியாக மெம்ஃபிஸ் போனது. அங்கே சாம் ஃபிலிப்ஸின் சின்ன ஸ்டூடியோவில் பதிவு. பாடியவர் குழுவின் சாக்ஸஃபோன்காரர் ஜாக்கி பிரென்ஸ்டன்.

வழியில் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் அடிபட்டுவிட்டது. வண்டி மேலிருந்து விழுந்தது என்று ஒரு கதை, மழையில் நனைந்தது என்று இன்னொரு கதை. எப்படியோ, ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருந்தது. ரிப்பேர் பண்ண நேரமில்லை. ஃபிலிப்ஸ் உள்ளே காகிதத்தைத் திணித்து அப்படியே வாசிக்கச் சொன்னார். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அதை மறைக்காமல் முன்னால் வைத்தே பதிவு செய்தார்கள். பின்னாளில் கிட்டார்காரர்கள் காசு செலவழித்து, தனியாகக் கருவி வாங்கி வரவழைக்கும் அந்தக் கரகரப்பு, இங்கே ஒரு கார்ப் பயணத்தின் சேதாரம். சிகாகோவின் செஸ் கம்பெனி வெளியிட்டது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

பாட்டின் வரிகளில் அரசியல் கிடையாது. என் கார் எப்படி இருக்குது பார், ஏறு, ஊரைச் சுற்றுவோம் என்ற பெருமை, அவ்வளவுதான். ஆனால் 1951-ல் மிசிசிப்பிக்காரக் கறுப்பு இளைஞன் தன் புதுக் காரைப் பற்றி அப்படி அலட்டிக்கொள்வது சாதாரண விஷயம் இல்லை.

நான்கு வருடம் கழித்து, அதே செஸ் கம்பெனியில், 1955 மே மாதம் சக் பெர்ரி 'மேபலின்' பதிவு செய்தார். மெட்டு 'ஐடா ரெட்' என்ற பழைய நாட்டுப்பாட்டிலிருந்து கிளம்பியது. இவர் கையில் வி-8 ஃபோர்டு, ஓடிப்போகும் காதலி இருப்பது கேடிலாக்கில். சாமானியன் கார் பணக்காரக் காரைத் துரத்துகிறது. எஞ்சின் சூடாகிறது, மழை வந்து தணிக்கிறது, கடைசியில் மேட்டுமேல் பிடித்துவிடுகிறான். ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் ஐந்தாமிடம். ரேடியோவில் கேட்ட பலருக்கு இவர் கறுப்பரா வெள்ளையரா என்றே தெரியவில்லை. டென்னசியின் நாக்ஸ்வில்லில் கச்சேரிக்குப் போய் நின்றபோது, 'இதைப் பாடியவர் கறுப்பர் என்று எங்களுக்குத் தெரியாதே' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பெர்ரி எழுதியிருக்கிறார். குரல் ரேடியோ வழியாகப் போன இடத்துக்கெல்லாம் ஆள் போக முடியவில்லை.

கார்தான் போராட்டம்

'மேபலின்' வந்த அதே 1955-ன் டிசம்பரில் அலபாமாவின் மான்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் பஸ் சீட்டிலிருந்து எழ மறுத்தார். நாட் கிங் கோல் பிறந்த ஊரும் அதுதான். பஸ் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அத்தனை நாள் ஜனங்கள் எப்படி வேலைக்குப் போனார்கள்? நிறையப் பேர் நடந்தார்கள். மற்றவர்களைக் கார்கள் சுமந்தன. கறுப்பர் டாக்சிக்காரர்கள் முதலில் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியை நகராட்சி எடுத்து நீட்டியது. உடனே சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் வண்டிகளைக் கொடுத்தார்கள். சுமார் 300 கார்கள், குறித்த இடங்கள், குறித்த நேரங்கள். சர்ச்சுகள் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கினார்கள்.

போலீஸ் காரோட்டிகளை நிறுத்தி நிறுத்தி அபராதம் போட்டது. காப்பீடு ரத்தானது. 1956 ஜனவரி 26 அன்று, இப்படி ஆட்களை ஏற்றிக்கொண்டு போன மார்ட்டின் லூதர் கிங் கைதானார். குற்றம்: 25 மைல் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் 30 மைல் போனது. நாலு நாள் கழித்து அவர் வீட்டில் குண்டு வெடித்தது. கிண்டலடிக்கப்பட்ட அந்தக் கார்கள்தான் மான்ட்கமரி பஸ் கம்பெனியைப் பணிய வைத்தன.

அட்லஸில் எழுதிய பாட்டு

சக் பெர்ரியின் வாழ்க்கையிலும் கார் சும்மா இருக்கவில்லை. 1944-ல், பள்ளிக்கூட வயதில், நண்பர்களோடு கடைகளில் கொள்ளையடித்து, வேலை செய்யாத துப்பாக்கியைக் காட்டி ஒரு காரைப் பறித்தார். சீர்திருத்தப் பள்ளியில் இருந்து 21-ஆவது பிறந்தநாளில்தான் வெளியே வந்தார். பிறகு கார் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தார். 1959-ல் ஒரு 14 வயதுப் பெண்ணை மாநில எல்லை தாண்டிக் கூட்டிவந்த வழக்கில் கைதானார். முதல் விசாரணை நீதிபதியின் இனவெறிப் பேச்சால் ரத்தானது, இரண்டாவதில் தண்டனை உறுதியானது. அவரைத் தியாகி ஆக்க நான் வரவில்லை. நீதிமன்றத்தில் இனவெறி இருந்ததும் உண்மை, அந்தப் பெண்ணின் வயதும் உண்மை.

அந்தத் தண்டனைக் காலத்தில் எழுதிய பாட்டுதான் 1964-ல் வந்த 'பிராமிஸ்ட் லேண்ட்', வாக்களிக்கப்பட்ட பூமி. நாயகன் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் கிரேஹவுண்ட் பஸ் ஏறுகிறான். சார்லட் தாண்டுகிறது. ராக் ஹில் ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகிறார்கள். அட்லான்டா. பர்மிங்ஹாமில் வண்டி பழுதாகி நின்றுவிடுகிறது. ரயிலேறி மிசிசிப்பியைக் கடந்து நியூ ஆர்லீன்ஸ். ஹூஸ்டனில் தெரிந்தவர்கள் உதவ, கடைசியில் விமானத்தில் லாஸ் ஏஞ்சலஸ்.

1961 மே மாதத்து நாளிதழ்களைப் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் வேறு மாதிரி கேட்டிருக்கும். பஸ்களில் இனப் பிரிவினையை மீறிய ஃப்ரீடம் ரைடர்ஸ் வாஷிங்டனிலிருந்து நியூ ஆர்லீன்ஸுக்குக் கிளம்பினார்கள். ராக் ஹில் பஸ் நிலையத்தில் ஜான் லூயிஸை அடித்தார்கள். அட்லான்டாவுக்குப் பிறகு, மே 14 அன்று, ஆனிஸ்டன் அருகே ஒரு பஸ்ஸைக் கொளுத்தினார்கள். இன்னொன்றில் வந்தவர்களைப் பர்மிங்ஹாமில் அடித்து நொறுக்கினார்கள். அதற்கு மேல் பஸ் ஓட்ட ஆள் கிடைக்காமல், முதல் குழு நியூ ஆர்லீன்ஸுக்கு விமானத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

தற்செயலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராக் ஹில்லை ஒதுக்கிவிட்டுப் போக வேறு என்ன காரணம் இருக்க முடியும்? பாட்டில் எங்கேயும் விளக்கம் இல்லை, புகார் இல்லை, துள்ளலான மெட்டு. ஆனால் கார் பாட்டுகளின் ராஜா எழுதிய இந்த நெடும்பயணத்தில் அவர் காரே ஓட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து போகிறவனுடைய பாட்டு இது.

அதே 1964-ல் வந்த இன்னொரு பாட்டு 'நோ பர்டிகுலர் ப்ளேஸ் டு கோ'. காதலியோடு காரில் சும்மா சுற்றுகிறார். எங்கே போகணும் என்று ஒரு முடிவும் இல்லை. கடைசியில் சீட் பெல்ட் கழல மறுத்து மானத்தை வாங்குகிறது. நகைச்சுவைப் பாட்டுதான். ஆனால் எங்கே போகிறாய் என்று போலீஸ் கேட்டால் பதில் தயாராக வைத்திருக்க வேண்டிய மனிதர், எங்கேயும் போகவில்லை என்று பாடுகிறார்.

இரண்டு வகைப் பாட்டு

இதே சமயம் கலிஃபோர்னியாவில் பீச் பாய்ஸ் '409', 'லிட்டில் டூஸ் கூப்' என்று எஞ்சினையும் கியரையும் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய 'சர்ஃபின் யுஎஸ்ஏ' மெட்டே பெர்ரியின் பாட்டிலிருந்து வந்ததுதான். நல்ல பாட்டுகள், எனக்கும் பிடிக்கும். அவற்றில் நடக்கக்கூடிய ஆகப் பெரிய தண்டனை, அப்பா கார்ச் சாவியைப் பிடுங்கிக்கொள்வது. இன்னும் மோசமாகப் போனால் விபத்து. ஜான் அண்ட் டீன் 1964-ல் ஆபத்தான ஒரு சாலை வளைவைப் பற்றி 'டெட் மேன்ஸ் கர்வ்' பாடினார்கள். 1966-ல் ஜான் பெர்ரி நிஜமாகவே கார் மோதி மூளையில் படுகாயமடைந்தார். அந்தப் பாட்டுகளில் ரோடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழுவதில்லை. எழ வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

கேள்வி மறுபடி எழுந்தது 1988-ல். ஜூன் 11 அன்று லண்டன் வெம்ப்ளியில் நெல்சன் மண்டேலாவின் 70-ஆவது பிறந்தநாள் கச்சேரி. ஸ்டீவி வொண்டரின் கருவியில் ஒரு பாகம் காணாமல் போய் அவர் மேடையேற முடியவில்லை. இடைவெளியை நிரப்ப, ஏற்கெனவே பாடி முடித்திருந்த ட்ரேசி சாப்மனை மறுபடி அனுப்பினார்கள். ஒரே ஒரு கிட்டாரோடு 'ஃபாஸ்ட் கார்' பாடினார். குடிகார அப்பாவுக்காகப் படிப்பை விட்ட பெண், கடையில் கல்லாவில் உட்காருபவள், வேகமான ஒரு காரை நம்பி ஊரைவிட்டுக் கிளம்புகிறாள். போய்ச் சேர்ந்த இடத்திலும் அதே வறுமை, துணைவனும் அப்பாவைப் போலவே குடிக்கிறான். முடிவில் அந்தக் காரை எடுத்துக்கொண்டு போக வேண்டியது அவன்தான் என்று சொல்லிவிடுகிறாள். ஓல்ட்ஸ்மொபைல் காலத்திலிருந்து கார் தந்த வாக்குறுதியை ஒரு பெண் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த பாட்டு இது. 2023-ல் லூக் கோம்ப்ஸ் பாடிய வடிவத்தால், கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த வருடச் சிறந்த பாட்டு விருது சாப்மனுக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பர் அவர்.

கிரீன் புக் அச்சில் இல்லாமல் போய் அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆனால் 2015-ல் டெக்சாஸில் லேன் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்ட சாண்ட்ரா பிளாண்ட் மூன்று நாளில் லாக்கப்பில் இறந்து கிடந்தார். அதனால் இந்தப் பாட்டுகளை வெறும் பழைய நினைவாக என்னால் கேட்க முடியவில்லை.

கேட்பதாக இருந்தால் இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்: டெர்ராப்ளேன் ப்ளூஸ், ரூட் 66, ராக்கெட் 88, மேபலின், பிராமிஸ்ட் லேண்ட், ஃபாஸ்ட் கார். 'பிராமிஸ்ட் லேண்ட்' வரும்போது பக்கத்தில் ஒரு மேப் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். ராக் ஹில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தால், அந்த ஊரை ஏன் சுற்றிக்கொண்டு போனார்கள் என்பது தானாகப் புரியும்.